பரணிக்குப் பெயர் யாருடையது?

சென்ற தவணையில் ஒருநாள், உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு நடுகல் பற்றிய புறப்பாட்டுக்களை விளக்கிக்கொண்டிருந்தேன். ஊரின் நிரையை மீட்டு வீழ்ந்த மறவனுக்குக் கல்லைக் காண்டல் முதலாக அதனை வாழ்த்தல் ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியர் வகுத்தமையைக் கூறி முடித்த வேளையில், பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, இந்தக் காலத்தில் கல்லுக்குப் பதிலாகப் படம் எடுக்கிறார்கள். ‘அமரன்’ பார்த்து நான் அழுதேன். ஆனால் நாளைக்கு ஹசலக்க காமினியின் கதையைப் படமாக எடுத்தால், நாங்கள் எந்தப் பக்கத்தில் இருந்து பார்ப்பது?” என்றான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. மணி அடித்தது. விடை கூறாமலே வெளியேறினேன்.

ஹசலக்க நமக்குத் தொலைவான ஊரன்று. பல்லேகமவிலிருந்து நோக்கின், இதே நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்து அயலூர்களுள் ஒன்று. அவ்வூர் இளைஞரான காமினி குலரத்ன, 1991ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், ஆனையிறவுப் படைமுகாமை நோக்கி வந்த கவசமிட்ட புல்டோசர் ஒன்றின்மீது கைக்குண்டுகளோடு ஏறி, அதனை நிறுத்தித் தாமும் மாண்டார். 1981இல் ஏற்படுத்தப்பெற்ற ‘பரம வீர விபூஷணய’ என்னும் இந்நாட்டின் அதியுயர் போர்ப்பதக்கம் முதன்முதல் அவர்க்கே உரியதாயிற்று. அந்த இயந்திரம் இன்றும் ஆனையிறவில் நினைவுச் சின்னமாக நிற்கின்றது. அதனைக் காணச் செல்லும் சிங்களத் தாய் கைகூப்புகின்றாள். அதே வீதியால் யாழ்ப்பாணம் செல்லும் தமிழ்த் தாய் பேருந்தின் மறுபக்கச் சாளரத்தை நோக்குகின்றாள். அவ்வியந்திரத்தினுள் இருந்தோரும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைகளே.

இதனினும் சிக்கலானது மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் கதை. பெயரைக் கேட்டாலே நம்மவர் என்று தோன்றும். இந்திய அமைதிப் படையின் மகார் படைப்பிரிவினரான அவர், 1987ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பகுதியில் பதுங்கித் தாக்கப்பட்டார். மார்பில் குண்டு பாய்ந்த பின்பும் தம்மைச் சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டு வீழ்த்தி, உயிர் பிரியுமளவும் தம் வீரர்க்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தார். இந்தியாவின் பரம வீர சக்கரம் அவர்க்கு அளிக்கப்பெற்றது. இரு நாடுகளின் தலையாய பதக்கங்கள், நான்கே ஆண்டு இடைவெளியில், தமிழர் வாழும் மண்ணில், தமிழரை எதிர்த்த போர்களில் ஈட்டப்பட்டன. மாணவனின் வினா அந்த மண்ணிலிருந்து எழுந்தது என்பதை இல்லஞ் சேர்ந்த பின்னரே உணர்ந்தேன்.

பதக்கம் வேறு, படம் வேறு. பதக்கத்துக்குரிய சான்றுரை சில பந்திகளுள் அடங்குவது. இன்ன நாள், இன்ன இடம், இன்ன செயல் என்று கூறி அமைவது. அங்கே பகைவன் வெறும் ‘எதிரி’ ஆவான். அவனுக்கு முகம் வேண்டியதில்லை. திரைப்படமோ மூன்று மணி நேரம் ஓட வேண்டியது. காதலும் பாட்டும் தாயின் கண்ணீரும் அதற்கு வேண்டும். பகைவனுக்கு ஒரு முகமும் வேண்டும். அம்முகத்தைத் தீட்டுமிடத்தில்தான் படம் பிழைப்பதும் பிழைபடுவதும்.

2024ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ‘அமரன்’, 2014இல் காஷ்மீரத்துச் சோபியானில் வீழ்ந்து, போர்க்களத்துக்கு அப்பாற்பட்ட வீரத்துக்கான அதியுயர் விருதாகிய அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி அதனை மனைவியின் வாய்மொழியாக அமைத்தமை, அறிந்தோ அறியாமலோ, நம் புறத்திணை மரபைத் தொட்ட செயலாகும். கணவனை இழந்தாள் கூற்றாக வரும் தாபதநிலையைக் கற்றவர் இதனை எளிதில் உணர்வர். சாய் பல்லவி அப்பாத்திரத்தை ஏற்று நடித்த திறத்தால், நம் மாணவன் அழுததில் வியப்பில்லை. ஆயினும் காஷ்மீர மக்களைக் காட்டிய முறை தகாதென்று தமிழகத்தில் சில முஸ்லிம் அமைப்புக்கள் எதிர்ப்புக் காட்டின. வீரரின் குலத்தைக் காட்டாதது ஏன் என்று வேறு சிலர் வழக்காடினர். இரண்டாவது வழக்கை யான் பொருட்படுத்தவில்லை. கல்லில் குலம் பொறிக்க வேண்டுமென்று வாதிடுவோர்க்கு வேறு வேலையில்லை போலும். முதலாவது வழக்கு அத்தகையதன்று. மனைவியின் துயரை அத்துணை நுட்பமாகக் கண்ட கமரா, மறுபக்கத்துக்குத் திரும்பியவுடன் விரைந்து நகர்ந்துவிடுகின்றது.

மேனாட்டார் இக்குறையைத் தீர்த்துவிட்டனர் எனல் ஆகாது. 1879இல் தென்னாபிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்னுமிடத்தில் ஒரு சிறு படை ஜூலு மறவரை எதிர்த்து நின்றமைக்காகப் பதினொரு விக்டோரியாச் சிலுவைகள் வழங்கப்பெற்றன. 1964இல் வந்த ‘ஜூலு’ படம் அதனைக் காட்டுவது. ஜூலு மன்னன் செட்சுவாயோவாக நடித்தவர், அம்மன்னனின் வழித்தோன்றலும் பிற்காலத்து அரசியல் தலைவருமான மங்கோசுத்து புத்தெலேசி. பகைவனுக்கு அவன் குருதியே முகமாயிற்று. ஆனால் அதே படம், விருது பெற்ற ஹென்றி ஹூக் என்னும் வீரரை, மதுவைத் தொடாத நல்லொழுக்கத்தினரை, குடியனாகவும் வேலைக்கள்ளனாகவும் காட்டிற்று. முதற் காட்சியைக் காண வந்த அவருடைய முதிய புதல்வியர் இடையிலேயே எழுந்து சென்றனர் என்பர். பகைவனுக்கு நீதி செய்த படம் தன் வீரனுக்கே அநீதி செய்த விந்தை இது.

அண்மையில், 2026ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்ரீராம் ராகவன் இயக்கிய ‘இக்கீஸ்’ என்னும் ஹிந்திப் படம் வெளிவந்தது. ‘இருபத்தொன்று’ என்பது அச்சொல்லின் பொருள். 1971 டிசம்பர் 16இல் பசந்தர்ப் போரில் வீழ்ந்து பரம வீர சக்கரம் பெற்ற அருண் கேதர்பாலின் வயது அது. எரியும் தாங்கியை விட்டு இறங்கும்படி வந்த கட்டளையை மறுத்து, அதனுள்ளிருந்தே போரிட்டு மாண்டார். முப்பது ஆண்டு கழித்து, 2001இல், அவருடைய தந்தையாரான பிரிகேடியர் எம்.எல். கேதர்பால், தாம் பிறந்த மண்ணைக் காணப் பாகிஸ்தான் சென்றார். அவரைத் தம் இல்லத்தில் விருந்தினராக ஏற்றவர் பிரிகேடியர் நாசர். விடைபெறும் நேரம் நெருங்கியபோது நாசர் ஓர் உண்மையை வெளியிட்டார்: உங்கள் மைந்தனைக் கொன்றவன் யானே என்பதை. விருந்தோம்பியவனே மகனைக் கொன்றவன். அவனே அம்மகனின் வீரத்துக்குச் சான்று கூறுபவன். கற்பனையில் இப்படி ஒரு காட்சியை எழுதியிருந்தால், நம்பத்தகாதது என்று யானே சிவப்பு மையால் அடித்திருப்பேன். தந்தையாக நடித்த தர்மேந்திரா படம் வெளிவருமுன்னரே, 2025 நவம்பரில், மறைந்தார். பதக்கம் பெற்றவனின் படத்தை, கொன்றவனும் ஈன்றவனும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்கும் இடத்துக்குக் கொணர்ந்தமையே இப்படத்தின் பெருமை எனக் கருதுகின்றேன்.

மறுநாள் வகுப்பில் மாணவனுக்கு யான் முதலிற் கூறியது பரணியைப் பற்றி. களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது பரணி. ஆனால் நூலுக்குப் பெயர் வென்றவனுடையதன்று, தோற்றவருடையது. வென்றவன் குலோத்துங்கன், படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான், நூலோ கலிங்கத்துப்பரணி. இரக்கத்தால் இட்ட பெயர் இது என்று யான் ஏமாற்றமாட்டேன். செயங்கொண்டாரின் பேய்கள் கலிங்கர் பிணத்தைக் கூழாக அட்டு உண்கின்றன. எனினும் வெற்றியின் அளவைத் தோற்றவன் பெயராலேயே அறிய வேண்டும் என்னும் மரபு அவ்வளவில் நேர்மையுடையது.

அடுத்து வெண்ணிப் போரைக் கூறினேன். கரிகாலன் வென்றான். முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்ற கரிகாலனின் முன்னின்று, நின்னினும் அவன் நல்லன் அல்லனோ என்னும் பொருள்படப் பாடினார் ஒரு புலவர். அப்பாட்டைச் சொன்னதற்காக அவர் தலை போகவில்லை.

“அந்தப் புலவர் சேர நாட்டவரா, ஐயா?” என்று கேட்டான் மாணவன்.

அல்லர். வெண்ணிக் குயத்தியார் என்பது அவர் பெயர். வெண்ணி என்பது போர் நடந்த ஊர்.

அவன் அப்பெயரைக் கொப்பியில் எழுதி, அதன் அருகே ‘ஆனையிறவு’ என்றும் எழுதிக்கொண்டான்.