கைபேசி இயங்குதளங்கள்: போட்டியும் கூட்டும்

கைபேசி வாங்குவோர் அதன் விலையையும் வடிவையும் ஆராய்கின்றனர். அதனுள் அமைந்து செயல்கள் யாவற்றையும் ஆளும் இயங்குதளத்தைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. நம் நாட்டுத் திறன்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டினால் இயங்குகின்றன. எஞ்சியவற்றில் ஆப்பிளின் ஐஓஎஸ் உள்ளது. மூன்றாவது தளம் ஒன்று நிலைபெறாமற் போனது ஏன் என்பது ஆராயத்தக்கது.

2011 பிப்ரவரியில் நோக்கியா நிறுவனம் தன் சொந்தத் தளமான சிம்பியனைக் கைவிட்டு, மைக்ரோசாப்டின் விண்டோஸ் தளத்தை ஏற்க உடன்பட்டது. ஆயின் செயலி இயற்றுவோர் பயனாளர் மிகுந்த தளத்தையே நாடினர். செயலி குறைந்த தளத்தைப் பயனாளர் நாடவில்லை. 2014 பிப்ரவரியில் ஐதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா மைக்ரோசாப்டின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் அந்நிறுவனத்தின் வசமாயிற்று. 2015 ஜூலையிலேயே சுமார் 760 கோடி டாலர் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டது. வரி வழக்கினால் அவ்விற்பனையில் சேராத ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திற்று. தொழிலாளர் வேலை இழந்தனர்.

திறமைக் குறைவு இத்தோல்விக்குக் காரணமன்று. ஐதராபாத்தில் மைக்ரோசாப்டின் ஆய்வு வளர்ச்சி மையம் 1998 முதற்கொண்டே இயங்கி வருகின்றது. செயலிகள் சேராத தளம் நிலைக்காது என்பதே உண்மை.

கூட்டு ஒவ்வொன்றும் போட்டியை வளர்க்கும் என்று கொள்வதற்கில்லை. 2020-இல் கூகுள், ஜியோ நிறுவனத்தில் ரூ.33,737 கோடி முதலீட்டை அறிவித்தது. 2021-இல் இவ்விரண்டும் சேர்ந்து வெளியிட்ட கைபேசியின் பிரகதி தளமும் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டதே. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. எனினும் அபராதம் புதிய தளத்தைப் படைத்துவிடாது. சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட பார்ஓஎஸ் போன்ற முயற்சிகளுக்கும் இதே தடை உண்டு.

அத்தடையைத் தளர்த்துவதில் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பங்குண்டு. களப் பணியாளர் நிரப்பும் படிவமும், ஆசிரியர் வழங்கும் பாடமும் ஒரே தளத்தின் செயலியாக மட்டும் அமைந்தால், அத்தளத்தின் பிடி மேலும் இறுகும். எந்தக் கைபேசியிலும் திறக்கத்தக்க பொதுத் தரத்தில் அவை அமையுமாயின், புதிய தளத்திற்கு வாயில் திறந்திருக்கும். படிவமும் பாடமும் வகுப்போர் முதற்கண் இதனைக் கருதுதல் வேண்டும்.