பெட்பேன் எங்களுக்கு, ஊசி உங்களுக்கா?

மே 12 வந்துவிட்டால் போதும். நர்சிங் பள்ளிகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நைட்டிங்கேல் அம்மையார் படத்துக்கு மாலை போடுவார்கள். 'வெள்ளுடை தேவதைகளே' என்று மேடையில் ஒருவர் ஆரம்பிப்பார். பேசுகிறவர் பெரும்பாலும் கல்லூரியை நடத்துகிற முதலாளியாகத்தான் இருப்பார். தேவதைக்குப் பசிக்காது. தேவதை சம்பளம் கேட்காது. தேவதை எதிர்த்துப் பேசாது. அதனால்தான் இவர்களுக்குத் தேவதை தேவைப்படுகிறது.

நான் தேவதை இல்லை. வடாற்காட்டுச் சேரி ஒன்றில் தோல் பதனிடும் கம்பெனிக்கு வேலைக்குப் போனவரின் மகள். இன்றைக்கு அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். நர்சிங் மாணவியை வார்டு வேலைக்குத் தயார் செய்கிறோம் என்கிற பேரில் என்ன நடக்கிறது என்பதை எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் வார்டுக்குப் போஸ்டிங் வந்த இரண்டாம் வருட மாணவி ஒருத்தி பெட்பேன் கழுவும் தொட்டி பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். முதலில் "ஒண்ணுமில்லைங்க சிஸ்டர்" என்றாள். பிறகு, "ரெண்டு வாரமா எனக்கு இதே வேலைதான்க்கா. கூட வந்தவங்க எல்லாம் ஊசி போட்டாச்சு, ட்ரிப்ஸ் ஏத்தியாச்சு. நான் கேட்டா, 'நீ நல்லா செய்யறே, இதையே பாரு'ன்றாங்க" என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். ஊரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

1996-ல் நான் நர்சிங் பள்ளியில் சேர்ந்தபோது பத்துப் பேரை ஒரு மெடிக்கல் வார்டுக்கு அனுப்பினார்கள். சார்ஜ் சிஸ்டர் ஒவ்வொருத்தியாக ஊர், பேர் விசாரித்தார். என் முறை வந்ததும், "காலனியா? நல்லதாப் போச்சு. நீங்கள்லாம் அசிங்கம் பாக்க மாட்டீங்க" என்றார். பாராட்டுகிற மாதிரியேதான் சொன்னார். எட்டுப் பேருக்கு டெம்பரேச்சர், பி.பி., ஊசி, ட்ரிப்ஸ். எனக்கும் ஓர் அருந்ததியர் பெண்ணுக்கும் பெட்பேன், எனிமா, செத்தவர்களைத் துடைத்துக் கட்டுவது. எந்த உத்தரவிலும் இது எழுதியிருக்கவில்லை. யாரும் சாதிப் பேரைச் சொல்லித் திட்டவும் இல்லை. டியூட்டி லிஸ்ட் மட்டும் தினமும் அப்படியே வரும்.

ஒருநாள் பெரியவர் ஒருவருக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். "எந்த ஊரும்மா?" சொன்னேன். "ஊரா, காலனியா?" சொன்னேன். "தண்ணிய வேற பொண்ணு கொடுக்கட்டும்." டியூட்டரிடம் போய்ச் சொன்னேன். "பேஷண்ட் மனசு நோகக் கூடாதும்மா, நீ அடுத்த பெட்டுக்குப் போ" என்றார். என் மனசு நோகலாமா என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. தீண்டாமையை ஒழித்ததாக அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு வார்டு வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

மூன்று வருட முடிவில் ரெக்கார்டு நோட்டில் எனிமா கேட்டதைப் போல நாலு மடங்கு போட்டிருந்தேன். ஐ.வி. போடுகிற பக்கம் காலி. கடைசி வாரம் டியூட்டர் அம்மா எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். செய்யாததை எல்லாம் செய்ததாகச் சான்று. அந்தக் கையெழுத்தோடுதான் நான் 'தகுதி பெற்ற நர்ஸ்' ஆனேன்.

அந்தக் கையெழுத்து என்ன செய்தது தெரியுமா? தனியார் நர்சிங் ஹோம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். நைட் டியூட்டி, கீழ்த்தளத்தில் நான் ஒருத்திதான். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு தம்பதி இரண்டு வயசுக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். பேதி, வாந்தி. கண் உள்ளே போய்விட்டது, தோலைக் கிள்ளினால் அப்படியே நிற்கிறது. எடை ஒன்பது கிலோ. கிலோவுக்கு 30 மில்லி வீதம் 270 மில்லி ரிங்கர் லாக்டேட் முதல் அரை மணியில், கிலோவுக்கு 70 மில்லி வீதம் மீதி 630 மில்லி அடுத்த இரண்டரை மணியில் போக வேண்டும். புத்தகம் எனக்கு மனப்பாடம். கை வரவில்லை. நாலு தடவை குத்தினேன். நாலும் தப்பு. குழந்தை அழக்கூட இல்லை. மாடிக்கு ஓடி, ஆபரேஷன் தியேட்டர் அறையில் படுத்திருந்த வயசான நர்ஸ் அம்மாவை எழுப்பினேன். அவர் வந்து காலில் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். குழந்தை பிழைத்தது. என்னால் அல்ல.

அந்த ராத்திரிதான் எனக்குப் புரிந்தது. பயிற்சியில் நடக்கும் தீண்டாமை மாணவியோடு முடிந்துபோகிற அவமானம் இல்லை. என் கையிலிருந்து பிடுங்கிய ஊசியை அந்தக் குழந்தையிடமிருந்தும் பிடுங்கியிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வசதி இல்லாதவன், தரும ஆஸ்பத்திரிப் பாயில் கிடக்கிறவன், நடுராத்திரி நர்சிங் ஹோம் கதவைத் தட்டுகிறவன் யார்? நம் ஆள். அரைகுறையாகத் தயாரிக்கப்பட்ட கை யார்மேல் குத்தும்? நம் ஆள்மேல்தான்.

உடனே சிலர் கிளம்புவார்கள். "பெட்பேன் எடுப்பதும் நர்சிங்தானே? அதைக் கேவலம் என்கிறாயா?" நன்றாகக் கேட்டீர்கள். கேவலம் என்று நான் சொல்லவில்லை, நீங்கள்தான் டியூட்டி லிஸ்ட் போட்டுச் சொல்கிறீர்கள். மலம் கறுப்பாகத் தார் மாதிரி போனால் மேல் வயிற்றில் ரத்தக் கசிவு இருக்கலாம். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போனால் காலராவைச் சந்தேகிக்க வேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைச் சுத்தம் செய்யும்போதுதான் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பது தெரியும். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடவில்லை என்றால் அது புண்ணாகும், எலும்பு வரை போகும். இவ்வளவும் படிப்பு. ஆகவே பெட்பேனை எல்லோரும் எடுக்க வேண்டும். முதலியார் வீட்டுப் பெண்ணும், கவுண்டர் வீட்டுப் பெண்ணும், ஐயர் வீட்டுப் பெண்ணும் எடுத்துக் கற்றுக்கொள்ளட்டும். நாங்களும் ஊசி பிடித்துக் கற்றுக்கொள்கிறோம். சாதி என்பது வேலைப் பிரிவினைதான் என்று நியாயம் பேசியவர்களை அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் கிழித்துப் போட்டுவிட்டார். வார்டில் மட்டும் அந்தப் பழைய நியாயம் இன்னும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நடமாடுகிறது.

இந்தத் தொழிலின் கதையே அதுதான். 1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டபோது, சாதி இந்துக்கள் தங்கள் பெண்களை அனுப்பத் தயாராக இல்லை. அடுத்தவர் ரத்தத்தையும் சீழையும் தொட்டால் தீட்டு. வெகுகாலம் வந்தவர்கள் ஆங்கிலோ-இந்தியர்கள், கிறிஸ்துவப் பெண்கள். அந்தக் கிறிஸ்துவர்களில் எத்தனை பேர் சேரியிலிருந்து போனவர்கள் என்று மிஷன் ஆஸ்பத்திரி இருந்த ஊர்களில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வாள். 1946-ல் வேலூரிலும் டில்லியிலும் பட்டப்படிப்பு வந்தது. பின்னால் வளைகுடா வந்தது, லண்டன் வந்தது. வெளிநாட்டுச் சம்பளம் வந்ததும் தீட்டு காணாமல் போய்விட்டது. தொழிலுக்கு வந்தார்கள், சந்தோஷம். ஆனால் தொழிலுக்குள்ளே இருந்த தீட்டை மட்டும் தனியாகப் பிரித்து எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சி மாணவிக்கு முதலில் கற்றுத்தருவது பணிவு. டாக்டர் வந்தால் எழுந்து நில். சொன்னதைச் செய். கேள்வி கேட்காதே. கேள்வி கேட்காத நர்ஸ் ஆபத்தானவள், தோழர்களே. பொட்டாசியம் குளோரைடை நீர்த்துப்போகச் செய்யாமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். தூக்கக் கலக்கத்தில் ஹவுஸ் சர்ஜன் "கேசிஎல் போடு" என்று சொல்லிவிட்டுப் போனால், "எவ்வளவு, எதில் கலந்து, எத்தனை மணி நேரத்தில், எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்க வேண்டியவள் நர்ஸ். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தைப் பரீட்சையில் எழுத வைக்கிறீர்கள். அதை வாய்விட்டுக் கேட்கிற தைரியத்தை எந்த வகுப்பில் கொடுத்தீர்கள்? பிறந்ததிலிருந்து 'சாமி, சாமி' என்று சொல்ல வைக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு அந்தத் தைரியம்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

தனியார் கல்லூரிகளின் கதை வேறு ரகம். கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஒரே முதலாளிக்கு. மாணவி போஸ்டிங் வந்தால் சம்பளம் இல்லாத ஆள் கிடைத்த மாதிரி. ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய கிறிஸ்துவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-ல் அரசாணை 92 வந்தது. 'பணம் இன்னும் வரலை' என்று சொல்லி அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வெளியே வந்தால்? 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-ல் பரிந்துரைத்தது. அதைச் செய்ய வேண்டிய அரசே 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்சுகள் உட்கார்ந்தார்களே, அதற்காகத்தான்.

நம் இயக்கத் தோழர்களையும் கேட்கிறேன். மருத்துவ இட ஒதுக்கீட்டுக்கு ஊர்வலம் போகிறோம், போக வேண்டும். நர்சிங் மாணவிக்காக ஒரு துண்டறிக்கை போட்டிருக்கிறோமா? "தங்கச்சி என்ன பண்ணுது?" "நர்சுங்க." "ஓ, நர்சா." அந்த 'ஓ'வுக்குள்ளேயும் வர்ணாசிரமம் உட்கார்ந்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை இவை:

1. வார்டு வேலை சுழற்சி முறையில் வர வேண்டும். யார் எந்த நாள் எதைச் செய்தார் என்கிற பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒளித்து வைத்தால்தான் சாதி வேலை செய்யும்.

2. பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. அந்த ஆசிரியர் டீ குடிக்கும் அறையில் இல்லாமல் மாணவியின் பக்கத்தில் நிற்க வேண்டும். முதலில் பொம்மையில், பிறகு பார்த்து, பிறகு கூட இருந்து, கடைசியில்தான் தனியாக.

3. செய்யாததற்குக் கையெழுத்துப் போடும் ஆசிரியர்மேல் நடவடிக்கை வேண்டும். அது மோசடி.

4. வார்டுக்குள் நுழையும் முன்பே மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் இலவசமாகப் போட வேண்டும். மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016-ம் ஆண்டு விதியே சொல்கிறது. அந்தக் கழிவை அள்ளும் துப்புரவுத் தோழர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

5. தீண்டாமை பற்றிப் புகார் சொல்ல ஓர் இடம் வேண்டும். அதில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும்.

அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணை மறுநாள் காலை கூப்பிட்டேன். டியூட்டர் முறைத்தார், முறைக்கட்டும். முதல் தடவை நரம்பு தப்பியது. கை நடுங்கியது. "மூச்சு விடும்மா, அவசரமில்ல" என்றேன். நோயாளி கட்டட வேலை செய்யும் ஓர் அம்மா. "குத்து கண்ணு, எங்கிட்டதான் கத்துக்கணும்" என்றார். இரண்டாவது தடவை ரத்தம் வந்தது. அந்தப் பெண் சிரித்தாள்.

தங்கச்சிகளே, ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். நாள் போட்டு, இன்றைக்கு என்ன செய்தேன், எது கேட்டும் கொடுக்கப்படவில்லை, மறுத்தது யார் என்று எழுதுங்கள். ஊசி கையில் குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது. திட்டுவார்களே என்று பயந்து மறைக்காதீர்கள். பயந்தது போதும்.

பெட்பேனைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. அடுத்தவளிடமும் ஒன்றைக் கொடுங்கள். அவள் கையில் இருக்கும் ஊசியைக் கேட்டு வாங்குங்கள்.