எலப்புள்ளியின் தண்ணீர் கணக்கு: பசுமைக்குடிலுக்குள் சேரும் உப்பும் கூரையில் வீணாகும் மழையும்

பாலக்காடு: கேரளம் என்றாலே நீர்வளம் மிகுந்த மாநிலம் என்ற எண்ணமே பலருக்கும் தோன்றும். ஆனால் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அந்த எண்ணம் பொருந்துவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்று, மழை மறைவு நிலப்பரப்பு, கடினப் பாறையைத் துளைத்து இறக்கப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் ஆகியவற்றால் இப்பகுதி கேரளத்தின் மற்ற பகுதிகளைவிடக் கொங்கு மண்டலத்தையே அதிகம் ஒத்திருக்கிறது.

இப்பகுதியைச் சேர்ந்த எலப்புள்ளி ஊராட்சி 2025 ஜனவரியில் நாடு முழுவதும் பேசப்பட்டது. அங்கு ஒயாசிஸ் நிறுவனம் எத்தனால் மற்றும் மதுபான ஆலை அமைப்பதற்குக் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி வழங்கியதே அதற்குக் காரணம். ஆலைக்கான தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை எழுப்பி ஊராட்சியும் எதிர்க்கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

அந்த விவாதம் பெரும்பாலும் தண்ணீரின் அளவைப் பற்றியதாகவே இருந்தது. விவசாயிகளைப் பொறுத்தவரை தண்ணீரின் தரமும் அதே அளவுக்கு முக்கியமானது. குறிப்பாக, பசுமைக்குடில் அமைத்துக் குடமிளகாய், தக்காளி, சாலட் வெள்ளரி பயிரிடுவோருக்கு அளவும் தரமும் ஒரே சிக்கலின் இரு பக்கங்கள்.

பிளாச்சிமடா விட்டுச் சென்ற பாடம்

இந்த அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சித்தூர் பகுதியின் பெருமாட்டி ஊராட்சியில் உள்ள பிளாச்சிமடாவில் 2000-ஆம் ஆண்டு கோகோ கோலா ஆலை செயல்படத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர்மட்டம் சரிந்ததாகவும், எஞ்சிய நீர் குடிக்கவோ சமைக்கவோ இயலாத அளவுக்குக் கடினமாகிவிட்டதாகவும் பழங்குடி மக்கள் போராட்டத்தில் இறங்கினர். 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, ஏற்பட்ட இழப்பை 216.26 கோடி ரூபாய் என 2010-இல் மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதா, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை.

நீர்மட்டம் இறங்கும்போது கிணற்றில் மிஞ்சும் நீர் பாறையோடு நீண்ட காலம் உறவாடிய நீராக இருக்கும். அதில் கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட் போன்றவை செறிந்திருக்கும். சித்தூர் பகுதியின் சில ஊராட்சிகளில் புளூரைடு அளவும் கூடுதலாகக் காணப்படுகிறது. நீர்மட்டம் தாழத் தாழ உப்பு கூடுவதற்கான வாய்ப்பும் அதிகரிக்கிறது.

கூரை இருந்தால் உப்பு தங்கும்

திறந்தவெளி வயலில் ஆண்டுதோறும் பெய்யும் மழை, மண்ணில் சேர்ந்த உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே கொண்டு செல்கிறது. பசுமைக்குடிலின் நெகிழித் தாள் கூரை அந்த மழையைத் தடுத்துவிடுகிறது. ஊற்றும் தண்ணீரைப் பயிர் உறிஞ்சிக்கொள்ள, உப்பு மண்ணிலேயே தங்குகிறது. சொட்டு நீர்ப்பாசனத்தில் ஈர வட்டத்தின் விளிம்பில் வெள்ளைப் படலமாக அது தெரியும். நீரில் கரைத்துச் செலுத்தும் உரங்களும் உப்புகளே என்பதால் சுமை மேலும் கூடுகிறது. கடினநீரில் உள்ள கார்பனேட் சொட்டுவான்களின் துளைகளையும் அடைத்துவிடுகிறது.

நீரின் உப்புத்தன்மை, மின்கடத்துத் திறனாக, ஒரு மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்ற அலகில் அளக்கப்படுகிறது. ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் வழிகாட்டுதலின்படி, பாசன நீரில் இது 0.7-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை கவனம் தேவை. 3-ஐத் தாண்டினால் கடும் சிக்கல்.

பயிருக்குப் பயிர் தாங்குதிறன் மாறும். வேர்மண்ணின் உப்புத்தன்மை 2.5 வரை தக்காளியின் விளைச்சல் குறையாது. குடமிளகாய்க்கு அந்த எல்லை 1.5 மட்டுமே. அதே மண்ணில் அளவு 3.3-ஐ எட்டினால் குடமிளகாய் விளைச்சலில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். அதிக விலைக்கு விற்கலாம் என்ற நம்பிக்கையில் தேர்ந்தெடுக்கப்படும் பயிரே உப்பை எளிதில் தாங்காத பயிராக இருப்பதுதான் இதிலுள்ள முரண்.

உப்பு நீர் கூடுதல் நீரைக் கேட்கும்

சேர்ந்த உப்பை வெளியேற்ற ஒரே வழி, பயிருக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக நீர் பாய்ச்சி அதை வேருக்குக் கீழே கழுவி இறக்குவது. எவ்வளவு கூடுதல் என்பதைக் கணக்கிட நிலையான சூத்திரம் உள்ளது. குடமிளகாய்க்கு, பாசன நீரின் மின்கடத்துத் திறன் 1 என்றால், பாய்ச்சும் நீரில் சுமார் 15 சதவீதம் கழுவுவதற்கே தேவை. நீரின் அளவு 2 என்றால் அது சுமார் 36 சதவீதமாகிறது. உப்பு இரண்டு மடங்காகும்போது, கழுவும் நீர் இரண்டு மடங்கையும் தாண்டுகிறது.

எடுத்துக்காட்டாக, கேரளத்தில் பரவலாகக் காணப்படும் 10 சென்ட், அதாவது சுமார் 400 சதுர மீட்டர் குடிலை எடுத்துக்கொள்ளலாம். பயிரின் அன்றாடத் தேவை 1,200 லிட்டர் எனக் கொண்டால், உப்பு அளவு 2 உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,900 லிட்டர் இறைக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் இறைப்பு நீர்மட்டத்தை மேலும் தாழ்த்தும். கழுவிய உப்போ மீண்டும் நிலத்தடிக்கே செல்லும். பற்றாக்குறை உப்பைக் கூட்ட, உப்பு பற்றாக்குறையைக் கூட்டும் சுழல் இது.

தலைக்கு மேலேயே தீர்வு

இந்தச் சுழலை முறிக்கும் வழி அதே கூரையில் இருக்கிறது. 400 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர். ஆயிரம் மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 3.2 லட்சம் லிட்டர். மழைநீரில் உப்பு ஏறக்குறைய இல்லை.

அதனைக் கிணற்று நீருடன் சரிபாதியாகக் கலந்தால் 2 என்ற அளவு 1-ஆகக் குறைகிறது. அப்போது நாளொன்றுக்கு மொத்தம் சுமார் 1,420 லிட்டர் போதும். அதில் கிணற்றிலிருந்து எடுப்பது சுமார் 710 லிட்டர் மட்டுமே. நிலத்தடி நீர் எடுப்பு 60 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் நெகிழித் தாள் விரித்த குட்டை இருந்தால், டிசம்பர் தொடங்கி ஏப்ரல் வரையிலான வறண்ட காலத்தின் பெரும்பகுதியைக் கடக்கலாம்.

இது புதிய யோசனையன்று. மழைக்குப் பஞ்சமில்லாத நெதர்லாந்திலேயே பசுமைக்குடில் விவசாயிகள் ஹெக்டேருக்கு 500 கன மீட்டர் அளவில் மழைநீர்த் தேக்கம் வைத்திருப்பது விதியாகவே இருந்தது. ஸ்பெயினின் அல்மேரியாவில் நிலத்தடி நீர் உப்பேறியதால், கடல்நீரைச் சுத்திகரித்துக் கலக்கும் அளவுக்குச் செலவு உயர்ந்தது. எலப்புள்ளிக்கு அந்த வசதி இல்லை.

மானியத்தில் உள்ள இடைவெளி

ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் கீழ் பசுமைக்குடில் செலவில் 50 சதவீதம் மானியமாகக் கிடைக்கிறது. நீர் சேமிப்புக் குட்டைக்கு வேறு தலைப்பிலும், சொட்டு நீர்ப்பாசனத்துக்கு மற்றொரு திட்டத்திலும் உதவி உண்டு. மூன்றும் தனித்தனியாக நிற்பதால், கூரை எழும்பியும் குட்டை வெட்டப்படாத நிலை ஏற்பட இடமுண்டு. குடிலுக்கான அனுமதியுடன் நீர்ப் பரிசோதனையையும் மழைநீர்த் தேக்கத்தையும் சேர்த்தே நிபந்தனையாக்குவது அரசுக்குப் பெரிய சுமையாகாது.

ஆற்று நீரை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்குக் கேரளம் பெற வேண்டியது ஆண்டுக்கு 7.25 டிஎம்சி. வறட்சிக் காலங்களில் இதற்காக இரு மாநிலங்களும் மோதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எல்லையின் இரு பக்கமும் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றன.

ஆலை வருகிறதா இல்லையா என்பதை நீதிமன்றமும் அரசும் முடிவு செய்யலாம். ஆனால் எந்த முடிவும் எலப்புள்ளியின் கிணறுகளில் உள்ள உப்பைக் குறைத்துவிடாது. தொழிற்சாலையிடம் கேட்கப்படும் அதே கேள்வி, அதாவது எவ்வளவு நீர், எங்கிருந்து, என்ன தரத்தில் என்ற கேள்வி, ஒவ்வொரு குடிலுக்கும் ஒவ்வொரு வயலுக்கும் கேட்கப்பட வேண்டும். மழை பெய்யும் மாதங்களில் அதற்கு விடை தேடாவிட்டால், வெயில் காலத்தில் விடை சொல்லப்போவது உப்பேறிய மண்தான்.