வேவு பார்க்க வந்த கப்பல்

பிரிட்டிஷ் கடற்படையின் 'பாத்ஃபைண்டர்' 1904இல் கடலில் இறங்கியது. படைக்கு முன்னால் ஓடி எதிரியைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேவுக் கப்பலின் வேலை. மணிக்கு 25 கடல் மைல் வேகம் என்று பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் அந்த வேகத்துக்குத் தீனி போடும் அளவுக்கு நிலக்கரி அறைகளைப் பெரிதாக வைக்கவில்லை. குதிரையை வாங்கிவிட்டுக் கொள்ளுக்குக் கணக்குப் பார்த்த கதை. 1914 செப்டம்பர் 5 அன்று, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸ் ஹெட் அருகே, கரியை மிச்சம் பிடிக்க வெறும் 5 கடல் மைல் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஹெர்சிங் தலைமையிலான ஜெர்மன் நீர்மூழ்கி யு-21க்கு இதைவிட வசதியான இலக்கு கிடைத்திருக்காது. ஒரே டார்பிடோ, வெடிமருந்துக் கிடங்கும் சேர்ந்து வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் இல்லை, சுமார் 250 பேரும் இல்லை. நீர்மூழ்கி ஏவிய, தானே நீந்தி வரும் டார்பிடோவுக்குப் பலியான முதல் போர்க்கப்பல் இதுதான். கரையிலிருந்தே பலர் பார்த்த வெடிப்பு அது. இருந்தும் கண்ணிவெடி என்றே முதலில் சொல்லிப் பார்த்தது கடற்படைத் தலைமை. ஹெர்சிங்கின் திறமையை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பலைப் பாதி மூழ்கடித்தவர்கள், அதன் வரைபடத்தில் கையெழுத்திட்ட அதிகாரிகள்தான்.