பேரேடு யார் கையில்?

கிரிப்டோ நாணயங்களை மக்கள் பரவலாகக் கையாளும் நாடுகளின் வரிசையில் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்தியாவுக்கே முதலிடம் அளித்தது 'செயினாலிசிஸ்' நிறுவனத்தின் குறியீடு. ஆனால், அந்த நாணயங்களில் முதன்மையான பிட்காயினின் கணக்கைக் காக்கும் கணினிகள் எந்தெந்த நாடுகளில் உள்ளன என்று காட்டும் பட்டியலில் இந்தியா முன்வரிசையில் இல்லை. திருச்சி தில்லை நகரிலும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் கைப்பேசிச் செயலியை நம்பிச் சேமிப்பைப் போடும் இளைஞர்கள் இந்த முரணின் பொருளை அறிந்திருக்க வேண்டும்.

பிட்காயினுக்கு ரிசர்வ் வங்கி போன்ற தலைமை அமைப்பு கிடையாது. 2009 ஜனவரி 3 முதல் நடந்த பரிமாற்றங்கள் அனைத்தும் பதிவான பேரேட்டை ஆயிரக்கணக்கான கணினிகள் தனித்தனியே வைத்திருக்கின்றன. விதிக்கு மாறான பதிவை ஒவ்வொன்றும் தானே சோதித்து ஒதுக்குகிறது. இத்தகைய கணினிக்குக் 'கணு' என்று பெயர். கணுக்கள் பல நாடுகளில், பலர் கையில் பரவியிருந்தால்தான் எந்த ஓர் அரசும் நிறுவனமும் பேரேட்டை வளைக்க முடியாது.

இவற்றை எண்ணும் முயற்சிகளில் பலரும் அறிந்தது, 2013-இல் தொடங்கிய 'பிட்நோட்ஸ்'. ஒரு கணுவிடம் அதற்குத் தெரிந்த பிற கணுக்களின் முகவரிகளைக் கேட்டு, அவற்றை அழைத்துப் பார்த்து, பதில் தருபவற்றை மட்டும் கணக்கில் சேர்ப்பது அதன் வழிமுறை. கதவைத் தட்டும்போது திறக்கும் வீடுகளை மட்டுமே எழுதிக்கொள்ளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்றது இது.

இதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, நம் நாட்டில் இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியை வழங்குவது வழக்கம். அவ்வாறு இணைப்புப் பெற்ற ஸ்ரீரங்கத்து வீட்டில் இயங்கும் கணு வெளியே தொடர்புகொள்ள இயலும். வெளியிலிருந்து வரும் அழைப்பு அதனை எட்டாது. ஆகவே, அது பட்டியலில் ஏறாது. இரண்டாவது, கணக்கில் வரும் கணுக்களிலேயே பாதிக்கு மேற்பட்டவை 'டோர்' என்னும் மறைப்பு வலையமைப்பின் வழியே இயங்குவதால், அவை எந்த நாட்டில் உள்ளன என்பது தெரியாது. மூன்றாவது, திருச்சியில் இருக்கும் பொறியாளர் ஜெர்மனியில் கணினியை வாடகைக்கு எடுத்தால், அது ஜெர்மானியக் கணுவாகவே எண்ணப்படும்.

இந்த வாடகைக் கணினிகளால் நேரும் ஆபத்தை 2022 நவம்பர் உணர்த்தியது. ஜெர்மனியின் 'ஹெட்ஸ்னர்' நிறுவனம் தடை விதித்ததும், 'சொலானா' வலையமைப்பின் சுமார் ஆயிரம் சரிபார்ப்புக் கணினிகள் இணைப்பை இழந்தன. பலர் கையில் இருப்பதாகத் தோன்றியவை ஒரே நிறுவனத்தின் கூரையின்கீழ் இருந்தன என்பது அன்றுதான் பலருக்கும் புரிந்தது.

மறைந்திருக்கும் கணுக்களை மதிப்பிட வேறு வழி உண்டு. பிட்காயின் கணு ஒவ்வொன்றும் வழக்கமாக எட்டு முழு இணைப்புகளைத் தானே வெளியே தேடிக்கொள்கிறது. அழைத்தால் பதில் தரும் கணுக்கள் 10,000 என்றும், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 40 இணைப்புகள் வந்து சேர்கின்றன என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 லட்சம் இணைப்புகள். எட்டால் வகுத்தால் 50,000 கணுக்கள். அதாவது, ஐந்தில் நான்கு பங்கு பட்டியலுக்கு வெளியே இருக்கும். வேவு பார்ப்பதற்காகவே எல்லாக் கணுக்களோடும் இணையும் கணினிகளைக் கழித்துப் பார்த்தால், இக்கணக்கு இன்னும் துல்லியமாகும்.

மறைந்திருப்பவற்றைச் சேர்த்தாலும், செயலியில் நாணயம் வாங்கியவர் பேரேட்டைக் காப்பவர் ஆகிவிடுவதில்லை. உலகப் பேரேட்டின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. வாங்கியவரிடம் இருப்பது அந்நிறுவனம் எழுதிய வரவுக் குறிப்பு மட்டுமே. 2024 ஜூலையில் 'வாசிர்எக்ஸ்' தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்பிலான நாணயங்கள் களவு போனபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் கிரிப்டோ இருப்பை ஓராண்டுக்கும் மேலாக எடுக்க முடியவில்லை. களவுபோகாத வேறு வகை நாணயத்தை வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயம் சட்டப்படி சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். சொத்து என்ற தகுதி கிடைத்துவிட்டது. சாவி இன்னும் பிறரிடமே உள்ளது.

2022 முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 சதவீத வரியும், பரிமாற்றத்துக்கு 1 சதவீத முன்பிடித்தமும் விதிக்கும் மத்திய அரசுக்கு, வாங்கல் விற்றல் குறித்த தரவு கிடைக்கிறது. ஆனால், நம் மக்கள் நம்பியிருக்கும் பேரேடு எந்த நாட்டில், எவருடைய கூரையின்கீழ் இருக்கிறது என்பதை வரிக் கணக்கு சொல்லாது. திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகம், பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் கணினி, பொருளியல், புள்ளியியல் துறைகள் இணைந்து இந்த அளவீட்டை மேற்கொள்ளலாம். நாலைந்து நகரங்களில் சில கணுக்களை நிறுவி, வந்துசேரும் இணைப்புகளைப் பதிவு செய்தாலே தொடக்கத்துக்குப் போதும்.

விலை ஏறுமா, இறங்குமா என்று நாள்தோறும் பார்ப்பவர்கள், தங்கள் நாணயத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பணம் எந்த வடிவம் எடுத்தாலும், கணக்கு எழுதுபவரை அறியாமல் கடன் கொடுப்பது விவேகம் ஆகாது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), திருச்சி.