ஏரி நம்மோடது, வாரியம் யாரோடது?



அடையாறு என்று சொன்னால் பட்டணத்துக்காரருக்கு ஞாபகம் வருவது சைதாப்பேட்டை பாலமும் கோட்டூர்புரமும் கடலோர முகத்துவாரமும்தான். நமக்கு அந்த ஆறு ஆதனூர் ஏரியில் பிறக்கிறது. மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரித் தண்ணீரெல்லாம் சேர்ந்து, திருநீர்மலை பக்கம் செம்பரம்பாக்கத்து உபரித் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, சுமார் 42 கிலோமீட்டர் ஓடி அடையாற்றில் கடலில் விழுகிறது. தலை நம்ம ஊரில், கால் பட்டணத்தில்.

ஆனால் இந்த ஆற்றைப் பற்றிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன? 2006இல் அடையாறு பூங்கா அறக்கட்டளை என்று ஆரம்பித்து, 2010இல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயர் மாறிய அமைப்பு ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. அதன் தலைமைப் பொறுப்பு தலைமைச் செயலாளருக்கு. அறங்காவலர்களில் பெரும்பாலோர் துறைச் செயலாளர்களும் அதிகாரிகளும்தான். முகத்துவாரத்தில் அது உருவாக்கிய பூங்கா நல்ல காரியம், அதை நாம் குறை சொல்லவில்லை. 2024 பட்ஜெட்டில் அடையாற்றைச் சீரமைக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டம் என்று அறிவித்தார்கள். அதையும் வரவேற்கிறோம். நாம் கேட்பது ஒரே கேள்வி: அந்த மேசையைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளில் ஆயக்கட்டு விவசாயிக்கு ஒன்றாவது உண்டா?

சில வருஷத்துக்கு முன்னால், வரத்துக் கால்வாய் தூர்ந்து போனது பற்றி மனு கொடுக்க நாங்கள் அஞ்சு பேர் பட்டணத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். காலையில் போனவர்களைச் சாயங்காலம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். "கூட்டத்துல வெச்சுப் பேசி முடிவு பண்ணுவோம்" என்றார் அதிகாரி. "அந்தக் கூட்டத்துல எங்க ஆளு யாருங்க ஐயா?" என்று கேட்டேன். "நீங்க மனு குடுங்க, அது போதும்" என்றார். மனு கொடுக்கிறவனாகவே நாம் எத்தனை தலைமுறை இருப்பது?

உழைப்புக்கு மட்டும் நம்மைக் கூப்பிடத் தெரிகிறது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது நம்ம மணிமங்கலம் ஏரியில்தான். வேலை மதிப்பில் 10 சதவீதம் பாசன விவசாயிகள் பங்கு என்றார்கள். தோள் கொடுக்க நாம் வேண்டும், முடிவெடுக்க நாம் வேண்டாமா?

இது விவசாயி பிரச்சினை மட்டும் இல்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின, கோட்டூர்புரமும் முழுகியது. வயலையும் கால்வாயையும் மனை போட்டு விற்றால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? கலங்கல் எங்கே, போக்குக் கால்வாய் எங்கே என்று தெரிந்தவன் அந்த மேசையில் இருந்திருந்தால், "இந்த சர்வே நம்பர்ல மண் கொட்டாதீங்க" என்று முன்னாலேயே சொல்லியிருப்பான்.

"உங்களுக்கு என்னய்யா தெரியும், இது இன்ஜினியர் வேலை" என்பார்கள். இன்ஜினியர் வேண்டாம் என்று யார் சொன்னது? அவரும் இருக்கட்டும், நாமும் இருப்போம். இதற்கு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு ஆயக்கட்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் விதி. மத்திய அரசின் 2008 நீர்ப்பிடிப்பு வழிகாட்டுதலோ, கிராமத்து நீர்ப்பிடிப்புக் குழுவைக் கிராம சபைதான் அமைக்க வேண்டும், குறைந்தது 10 பேர், அதில் பாதி சுய உதவிக் குழு, பயனாளிகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோரின் பிரதிநிதிகள் என்று சொன்னது. கிராமத்துக்குச் சரியான விதி ஆற்றுக்கு மட்டும் ஆகாதா?

அதற்கும் முன்னால் போவோம். நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் கி.பி. 920இல் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், குடவோலையில் தேர்வு, பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்காரனுக்கும் அடுத்த தடவை இடம் கிடையாது. அந்தச் சபையில் நிலமும் வேதமும் உள்ளவருக்குத்தான் இடம், உழுதவனுக்கு இல்லை. அந்தக் குறையை நாம் தள்ளுவோம், கணக்குக் கேட்ட ஒழுங்கை எடுத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில் நம்மையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் அதில் யார் உட்காருவார்? கட்சிக்காரர் கைகாட்டிய ஆளா? ஏரியில் மண் அள்ளுகிற கான்ட்ராக்டரா? பத்து ஏக்கர்காரர் மட்டுமா? அப்படியானால் அதிகாரியே தேவலை. குத்தகைக்காரர், நாற்று நடுகிற பெண்கள், ராத்திரியில் மடை பார்க்கிறவர், இவர்களும் வரவேண்டும். இல்லையென்றால் நாம் கேட்பதில் நியாயம் இல்லை.

நமது கோரிக்கைகள்:

1. அடையாறு சீரமைப்பு பற்றி முடிவெடுக்கும் அமைப்பில் மூன்றில் ஒரு பங்கு இடம் ஆயக்கட்டு விவசாயிகளுக்கு வேண்டும்.

2. அந்த உறுப்பினர்களை அரசு நியமிக்கக் கூடாது. ஏரிக்கு ஏரி ஓட்டெடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் கட்டாய இடம்.

3. ஏரி வேலையில் கான்ட்ராக்ட் எடுத்தவர் உறுப்பினர் ஆகக் கூடாது.

4. வரவு செலவையும் கூட்டத் தீர்மானங்களையும் வருஷம் ஒரு தடவை கிராம சபையில் தமிழில் படிக்க வேண்டும்.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் இந்த நாலையும் தீர்மானமாகப் போடுங்கள். "அப்புறம் பாக்கலாம்" என்றால் விடாதீர்கள். மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். நகலைச் சங்கத்திடம் கொடுங்கள். எல்லா ஊர்த் தீர்மானத்தையும் ஒரே கட்டாகக் கட்டி, சேப்பாக்கம் நீர்வளத்துறைக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோவோம். இந்தத் தடவை மனுவோடு போகவில்லை, ஊர்கள் எடுத்த முடிவோடு போகிறோம்.

ஏரியைக் காப்பவனுக்கே ஏரியைப் பற்றிப் பேச உரிமை!
ஒன்றுபடுவோம்! வென்றெடுப்போம்!