மாட்டு டாக்டரின் உடல்நலமும் மாட்டின் நலமே

கறவை மாடு ஒன்று கன்று போட முடியாமல் தவிக்கிறது. காலையிலேயே முக்கத் தொடங்கிவிட்டது. "தானாகப் போட்டுவிடும்" என்று வீட்டார் பொழுது சாயும்வரை பொறுத்திருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் கையை விட்டுப் பார்க்கிறார். இருவர் கயிறு கட்டி இழுக்கிறார்கள். இரவு 11 மணிக்குத்தான் கால்நடை மருத்துவருக்குத் தகவல் போகிறது. காலை முதல் மருந்தகத்தில் நின்றவர் அவர். இருட்டுக் கொட்டிலில், சாணத்தில் மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டுப் போராடுகிறார். கன்று செத்துப் பிறக்கிறது. "டாக்டர் கொன்றுவிட்டார்" என்ற பேச்சு அவர் காதிலேயே விழுகிறது. விடிந்தால் மருந்தக வாசலில் மீண்டும் மாடுகள் காத்து நிற்கும்.

இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. "சம்பளம் வாங்குகிறவர்தானே, வரட்டுமே" என்று சொல்வது எளிது. ஒரே மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தின் ஆதங்கத்திலும் நியாயம் உண்டு. மாடு போனால் பால் பணம் போகும். கடன் தவணை மட்டும் நிற்கும். ஆனால் களைத்த கை தவறு செய்யும். தூக்கமில்லாத கண் நோயின் அறிகுறியைத் தவறவிடும். அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவரும் அதே ஏழை விவசாயிதான். ஆகவே மருத்துவரின் நலத்தைக் காப்பது அவருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. மாடு வளர்ப்போரின் சொந்தக் காரியம்.

வேலைச் சுமை

5000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண்மைக் குழு 1976-ல் பரிந்துரைத்தது. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாட்டினம் மட்டும் சுமார் 95 லட்சம். எருமை, ஆடு, கோழிகள் இதில் சேரா. ஒருவர் விடுப்பில் போனால், பக்கத்து மருந்தகத்தின் மருத்துவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நிலை பல இடங்களில் உண்டு.

மனச்சுமையும் சிறியதல்ல. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் முடிவு வெளியிடப்பட்டது. தற்கொலையால் இறப்போர் விகிதம் பொதுமக்களைவிட ஆண் மருத்துவர்களிடம் 2.1 மடங்கும், பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்கும் இருந்தது. அந்நாட்டு நிலைமை வேறு. ஆயினும் ஓய்வின்மையும், பிழைக்காத உயிரின் பழியும் எந்த நாட்டிலும் மனிதரை அரிப்பவைதாம்.

மாட்டிலிருந்து மருத்துவருக்கு

கன்று வீச்சு நோய் கண்ட மாட்டின் நஞ்சுக்கொடி, விழுந்த கரு, கசியும் நீர் ஆகியவற்றிலிருந்து நோய்க்கிருமி மனிதருக்குத் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். இந்நோய்க்கு 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது. கன்று துள்ளி ஊசி மருத்துவரின் கையில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம். கன்றை இறுகப் பிடிப்பது அவ்வளவு முக்கியம்.

வெறிநோய் கண்ட மாடு, தொண்டையில் ஏதோ சிக்கியது போல எச்சில் ஒழுக்கும். வாயில் கை விட்டுப் பார்க்கத் தோன்றும். அந்த எச்சில் கைக்காயத்தில் பட்டால் ஆபத்து. வெறிநோய் முற்றி அறிகுறி தோன்றியபின் மனிதர் பிழைப்பது மிக அரிது. மாட்டை நாய் கடித்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைக்கவே கூடாது.

விவசாயிகள் செய்யக்கூடியவை

1. தண்ணீர்க்குடம் உடைந்து 2 மணி நேரமாகியும் கன்று வராவிட்டால் உடனே தகவல் தர வேண்டும். காலையில் கண்ட நோயை இரவுவரை தள்ளிப்போடக் கூடாது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

2. வயிறு உப்பி மூச்சுத் திணறல், கன்று ஈன முடியாமை, ஈன்ற மாடு எழாமல் கிடத்தல், கடும் இரத்தப்போக்கு போன்றவை இரவிலும் அழைக்க வேண்டிய அவசரங்கள். சினைப் பரிசோதனை, குடற்புழு மருந்து, சான்றிதழ் போன்றவை பகலில் மருந்தகத்தில் ஆகட்டும்.

3. மருத்துவர் வருமுன் மாட்டைக் கட்டி, பிடித்துக்கொள்ளத் தெரிந்த இருவரை நிறுத்துங்கள். நல்ல விளக்கு, வாளி நிறைய வெந்நீர், சோப்பு வேண்டும். உதைக்கும் மாடு என்றால் சொல்லிவிடுங்கள்.

4. ஊருக்கு ஒன்றாக, மாட்டை நிறுத்திப் பிடிக்கும் மரச்சட்டம் நாலைந்து கம்பங்களில் பொதுவில் அமைக்கலாம். செலவு சொற்பம். மருத்துவரின் விலா எலும்பும், மாட்டின் காலும் தப்பும்.

5. எல்லா உயிரையும் காப்பாற்ற முடியாது. மாடு இறந்தால் காரணத்தைக் கேட்கலாம்; கேட்க உரிமை உண்டு. கூட்டம் சேர்த்து வைவது அடுத்த மாட்டைக் காப்பாற்றாது.

மருத்துவரும் துறையும்

மருத்துவர்களும் தம் உடலைக் கடைசியில் வைக்கும் வழக்கத்தை விட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வதும், நீண்ட கையுறை இல்லாமல் கருப்பையில் கை விடாதிருப்பதும் கோழைத்தனம் அல்ல. காய்ச்சல் நீடித்தால், தாம் மாடுகளைக் கையாள்பவர் என்பதைத் தம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனம் சோர்ந்து தூக்கம் கெட்டால், உடன் பணிபுரிபவரிடமோ மனநல மருத்துவரிடமோ பேசலாம்.

கையுறையும் தடுப்பூசியும் கேட்டுப் பெறும் பொருள்களாக இருக்கக் கூடாது; துறையே தவறாமல் தர வேண்டும். அடுத்தடுத்த மருந்தகங்களின் மருத்துவர்கள் இரவு அழைப்பை முறைவைத்துப் பார்க்க ஏற்பாடு வேண்டும். இன்றிரவு யார் வருவார் என்பது மருந்தகப் பலகையில் எழுதப்பட்டால் விவசாயிக்கும் அலைச்சல் மிச்சம்.

உழவு மாட்டுக்கே உச்சி வெயிலில் நுகத்தை அவிழ்த்து நிழலில் கட்டுவது உழவர் வழக்கம். மறுநாளும் ஏர் ஓட வேண்டும் என்பதால்தான். மாட்டைக் காக்க வருகிறவருக்கும் அந்த நிழல் கிடைக்கட்டும்.